60 பவுண்டுக்கு 15 நிமிடம்: லண்டன் ஏஜென்ட் என் நாவலை எந்த வரியில் கீழே வைத்தார்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எழுத்தாளர் சார்பில் பதிப்பகத்திடம் பேசிப் புத்தகத்தை விற்றுத் தருபவர்தான் இலக்கிய ஏஜென்ட். கையெழுத்துப் பிரதியைப் படித்துப் பார்ப்பதற்கே காசு கேட்கும் ஏஜென்ட் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்பது இந்தத் துறையின் பாலபாடம். ஒழுங்கான ஏஜென்ட்டுக்கு வருமானமே கமிஷன்தான். புத்தகம் விலைபோனால் அவருக்கும் உண்டு, போகாவிட்டால் இரண்டு பேருக்கும் நாமம். இது தெரிந்தே நான் 60 பவுண்டு கட்டினேன். கட்டியது ஏஜென்ட்டாக இருக்கச் சொல்லி இல்லை, கால் மணி நேரம் பேசுவதற்கு.

இங்கிலாந்தில் எழுத்துப் பயிற்சி நடத்தும் சில நிறுவனங்கள் இப்படி ஒரு சேவை வைத்திருக்கின்றன. நாவலின் முதல் 3,000 வார்த்தைகள், ஒரு பக்கக் கதைச்சுருக்கம், ஏஜென்ட்டுக்கு எழுதும் அறிமுகக் கடிதம், இந்த மூன்றையும் இரண்டு வாரம் முன்னதாக அனுப்பிவிட வேண்டும். பட்டியலில் நாம் தேர்ந்தெடுத்த ஏஜென்ட் அவற்றைப் படித்துவிட்டு ஜூமில் வருவார். நான் போன நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. லண்டன் ஏஜென்ட்டின் பெயரும் வேண்டாம், பாவம், அவருக்கு வருகிற கடிதங்களே போதும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனால் பதிப்பாளரே கடையில் உட்கார்ந்து பில் போட்டுக்கொண்டிருப்பார், நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் பிரதியைக் கையில் கொடுத்துவிட்டு வரலாம் (அப்புறம் ராயல்டி கணக்கு கேட்டு எத்தனை வருடம் அலைவது என்பது வேறு கதை). நான் எழுதியது ஆங்கிலத்தில், கோவை மில் குடும்பம் ஒன்றின் மூன்று தலைமுறைக் கதை. லண்டனின் பெரிய பதிப்பகங்கள் ஏஜென்ட் வழியாக வராத நாவலைப் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை. இந்த ஏற்பாடு நேற்று முளைத்ததும் இல்லை. ஏ. பி. வாட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் 10 சதவீதக் கமிஷனுக்கு லண்டனில் இதைத் தொழிலாக ஆக்கினார். பதிப்பாளர் வில்லியம் ஹைன்மன் 1893இல் இந்த ஏஜென்ட்களை ஒட்டுண்ணிகள் என்ற அளவுக்குத் திட்டி எழுதினார். இன்று கமிஷன் 15 சதவீதம், வெளிநாட்டு உரிமை விற்றால் 20. ஒட்டுண்ணி இல்லாமல் மரமே வளராது என்ற நிலைமை.

சரி, சேவைக்கு வருகிறேன். பணம் கட்டுவது எளிது, அட்டையில் ஆறாயிரத்துச் சொச்சம் ரூபாய் போயிற்று. சொதப்பல் அதற்கப்புறம். உறுதிப்படுத்தும் மின்னஞ்சலில் 'பிற்பகல் 3 மணி, ஜிஎம்டி' என்று இருந்தது. ஜிஎம்டி என்றால் ஐந்தரை மணி நேர வித்தியாசம், ஆக நமக்கு இரவு எட்டரை என்று கணக்குப் போட்டு, ஏழரைக்குத் தட்டில் தோசையோடு உட்கார்ந்திருந்தேன். அப்போது 'நீங்கள் வரவில்லையா?' என்று செய்தி வருகிறது. அது ஜூலை மாதம். ஜூலையில் லண்டன் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும், அப்போது அது ஜிஎம்டியே இல்லை. கோடை நேரம், குளிர்கால நேரம் என்ற வித்தியாசம் அங்கே இருப்பவர்களுக்கே மறந்துவிட்டது போல. கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் உள்ளே நுழைந்தபோது ஐந்து நிமிடம் போயிருந்தது. மிச்சம் பத்து. நிமிடத்துக்கு ஆறு பவுண்டு என்று மனசு கணக்குப் போடுகிறது.

அவர் கோபப்படவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தார். முதல் கேள்வி, நாவல் மொத்தம் எத்தனை வார்த்தை? 1,64,000 என்றேன், பெருமையாகத்தான். முதல் நாவலென்றால் 80,000 முதல் ஒரு லட்சம் வரை வைத்துக்கொள்ளுங்கள், அதைத் தாண்டினால் காகிதம், அச்சு, விலை எல்லாம் ஏறுகிறது, அதைவிட முக்கியமாக, இவர் இன்னும் தன் பிரதியை வெட்டிப் பழகவில்லை என்று படிக்கிறவர் நினைத்துக்கொள்வார் என்றார். கடிதத்தில் நான் இரண்டு நோபல் பரிசுக்காரர்களோடு என்னை ஒப்பிட்டிருந்தேன். அதை எடுத்துவிடச் சொன்னார். கடந்த நாலைந்து வருடத்தில் வந்த, ஓரளவு விற்ற, உங்கள் நாவலை வாங்கக்கூடியவர் ஏற்கெனவே வாங்கியிருக்கக்கூடிய இரண்டு புத்தகங்களைச் சொல்லுங்கள், ஒப்பீடு என்பது புகழ்ச்சி இல்லை, எந்த அலமாரியில் வைப்பது என்று கடைக்காரருக்குச் சொல்கிற வழி என்றார். கதைச்சுருக்கத்தில் முடிவைச் சொல்லாமல் 'அவனுக்கு என்ன ஆயிற்று?' என்று கேள்விக்குறியோடு நிறுத்தியிருந்தேன், அதுவும் தப்பு. சுருக்கத்தில் கொலைகாரன் யார் என்பது வரைக்கும் சொல்லிவிட வேண்டும், அது பின்னட்டை வாசகம் இல்லை. இதெல்லாம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும், காசு கொடுத்து ஒருவர் வாயால் கேட்டால்தான் நமக்கு உறைக்கிறது.

அடுத்து அவர் சொன்னதுதான் 60 பவுண்டுக்கான சரக்கு.

என் முதல் பக்கத்தில் விடியற்காலை மில் சங்கு ஊதுகிறது. கோவைப் பக்கம் ஆலைச் சைரனைச் சங்கு என்றுதான் சொல்வோம். அதை ஆங்கிலத்தில் அப்படியே 'சங்கு' என்று வைத்துவிட்டு, அந்தச் சொல்லுக்கு நிஜப் பொருள் என்ன, கோயில் சங்குக்கும் சாவுச் சங்குக்கும் ஆலைச் சைரனுக்கும் என்ன தொடர்பு என்று பதினோரு வரி விளக்கியிருந்தேன். எனக்கு அது கவித்துவமான இடம், மனைவியிடம் இரண்டு தடவை படித்துக் காட்டியிருக்கிறேன். அவர் திரையில் பிரதியை விரித்து, ஏழாவது வரியில் சுட்டியை வைத்து, 'ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு இதைப் படித்திருந்தால் இந்த இடத்தில் மூடி வைத்திருப்பேன்' என்றார். சத்தம் கேட்கிறது, இருட்டில் ஆட்கள் தூக்குப்போசியோடு தெருவில் இறங்குகிறார்கள், அதிலேயே அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, அப்புறம் எதற்கு வகுப்பு எடுக்கிறீர்கள் என்று கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. இத்தனைக்கும் அந்த நாவலை ஏழு நண்பர்கள் படித்திருக்கிறார்கள். ஏழு பேரும் 'சூப்பர், போகப் போக நன்றாக இருக்கிறது' என்றுதான் சொன்னார்கள். எங்கே கீழே வைத்தேன் என்று ஒருவரும் சொன்னதில்லை. நண்பர்கள் சொல்லவும் மாட்டார்கள், எவ்வளவு தோசை சுட்டுப் போட்டாலும்.

அது என்ன ஞாயிற்றுக்கிழமை இரவு என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே தன் வாரத்தைச் சொன்னார். பகலெல்லாம் ஏற்கெனவே கையிலிருக்கும் எழுத்தாளர்களின் வேலை. ஒப்பந்தத்தில் ஆடியோ உரிமை, மொழிபெயர்ப்பு உரிமை, திரைப்பட உரிமையெல்லாம் பதிப்பகத்தின் கைக்குப் போய்விட்டதா என்று ஒவ்வொரு பிரிவாகப் பார்ப்பது, அடுத்த நாவலை எங்களுக்குத்தான் முதலில் காட்ட வேண்டும் என்கிற பிரிவில் இழுபறி, வராத தவணைப் பணத்துக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் ராயல்டி கணக்கில் தப்பு தேடுவது, அட்டைப்படம் பிடிக்கவில்லை என்று அழும் எழுத்தாளருக்குத் தொலைபேசியில் ஆறுதல். மதியம் எடிட்டர்களோடு சாப்பாடு, யாருக்கு இப்போது எந்த மாதிரி நாவல் வேண்டும் என்று அறிவதற்கு. எடிட்டருக்குப் பிடித்தால் மட்டும் போதாது, விற்பனைக்காரர்களும் விளம்பரக்காரர்களும் உட்காரும் கூட்டத்தில் தேற வேண்டும், அங்கே விழுந்த நாவல்கள் அதிகம். மார்ச்சில் லண்டன் புத்தகச் சந்தை, அக்டோபரில் ஃபிராங்க்ஃபர்ட். அங்கே எண் போட்ட மேசையில் அரை மணிக்கு ஒருவராக நாள் முழுக்க உரிமை விற்க வேண்டும். அந்த வாரங்களில் கடிதம் அனுப்பினால் அது அடியில் போய்விடும், அனுப்பாதீர்கள் என்றார்.

நம்மைப் போல முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் குவியலுக்கு இதில் நேரமே இல்லை. ரயிலிலும், பிள்ளைகள் தூங்கிய பிறகும், ஞாயிறு இரவும் படிக்கிறார். அதற்கு ஒரு பைசா வராது. இந்த இடத்தில் துணிந்து, ஒரு நாவலை விற்றால் உங்களுக்கு என்னதான் கிடைக்கும் என்று கேட்டுவிட்டேன். ஒரு பேச்சுக்கு, பதிப்பகம் எழுத்தாளருக்குத் தரும் முன்பணம் 10,000 பவுண்டு என்று வையுங்கள் என்றார். அது நாலு தவணையாக வரும்: கையெழுத்துப் போட்டதும், பிரதியை ஒப்படைத்ததும், கெட்டி அட்டைப் பதிப்பு வந்ததும், மலிவுப் பதிப்பு வந்ததும். ஒரு தவணை 2,500, அதில் 15 சதவீதம் 375 பவுண்டு. ஒரு வருடம் அந்த நாவலை எழுத்தாளரோடு உட்கார்ந்து திருத்தி, பதினைந்து எடிட்டர்களுக்கு அனுப்பி, பதினாலு பேர் மாட்டேன் என்று சொன்ன பிறகு கிடைக்கும் முதல் பணம் அது. அதையும் ஏஜென்சியோடு பங்கு போட வேண்டும்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒரு கோபம் இறங்கியது. அதுவரை பதில் வராத கடிதமெல்லாம் என் மூஞ்சியில் கதவைச் சாத்தியது போலத்தான் இருந்தது.

இனி குறைகள். பத்து நிமிடம் எதற்கும் போதாது, அடுத்து என்ன எழுதுகிறீர்கள் என்று அவர் கேட்டார், நான் வாயைத் திறக்கும்போது திரை தானாக மூடிக்கொண்டது. அது ஏஜென்ட்கள் கட்டாயம் கேட்கும் கேள்வியாம், ஒரே நாவலோடு நிற்கிறவரை எடுக்க யோசிப்பார்களாம், இதை ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொண்டு போங்கள். மூன்று நாள் கழித்து எழுத்து வடிவில் மதிப்பீடு என்று ஒரு படிவம் வந்தது, நடை 5க்கு 3, வேகம் 5க்கு 2, பாத்திரங்கள் 5க்கு 4 என்று. பள்ளிக்கூட ராங்க் கார்டு மாதிரி. கீழே குறிப்பு எழுதும் இடம் காலி. ஏஜென்ட்டைக் குறை சொல்ல மாட்டேன், படிவத்தை வடிவமைத்தவரைச் சொல்கிறேன். மற்றபடி தளத்தில் 'உங்கள் கனவு ஏஜென்ட்டைச் சந்தியுங்கள்' என்று போட்டிருப்பது வியாபாரப் பேச்சு. இப்படிப் பேசிவிட்டு உடனே யாரையும் எடுத்துக்கொள்வார் என்று போகாதீர்கள். ஏஜென்சிகளின் சொந்தத் தளங்களில் கடிதம் அனுப்புவது இலவசம். யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் நூறு வருடத்துக்கு மேலாக வருடா வருடம் வரும் 'ரைட்டர்ஸ் அண்ட் ஆர்ட்டிஸ்ட்ஸ் இயர்புக்' போதும். நாவலை முழுதாக முடிக்காதவர்கள் இந்தக் காசைச் செலவழிக்கவே வேண்டாம். மூன்று அத்தியாயம் பிடித்துப்போய் மிச்சத்தை அனுப்புங்கள் என்று கேட்டால் எதை அனுப்புவீர்கள்?

நான் அப்புறம் நாவலை 1,12,000 வார்த்தைக்குக் கொண்டுவந்தேன். சங்கு அப்படியே இருக்கிறது, பதினோரு வரி போயிற்று. ஆகஸ்டில் ஆறு பேருக்கு, புத்தகச் சந்தை முடிந்து நவம்பரில் ஆறு பேருக்குக் கடிதம் அனுப்பினேன். ஐந்து பேர் மரியாதையாக வேண்டாம் என்றார்கள், ஒருவர் முழுப் பிரதியும் கேட்டார், அது போய்ப் பதினோரு வாரம் ஆகிறது. மற்ற ஆறு பேரிடமிருந்து சத்தமே இல்லை.

5க்கு மூன்றரை நட்சத்திரம். ஏஜென்ட்டுக்கு மட்டும் என்றால் ஐந்து. நேரக் குழப்பத்தில் போன ஐந்து நிமிடத்துக்குப் பணம் திருப்பிக் கேட்டேன், 15 பவுண்டுக்குக் கூப்பன் அனுப்பினார்கள். ஆறு மாதத்தில் காலாவதி, வேறு யாருக்கும் மாற்றித்தர முடியாதாம். கூப்பன் முடியும் நேரத்தையும் ஜிஎம்டியில்தான் போட்டிருக்கிறார்கள்.