லொறி ஸ்பிரிங்கில் அடித்த கவ்வாத்துக் கத்தி: வாய் அருமை, பிடிதான் மோசம்

போன வருடம் டவுனில் ஒரு கடையில் பளபளவென்று இருக்கிறதே என்று அப்பாவுக்கு, தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இரண்டாம் நாளே வாய் மடிந்துவிட்டது. கிளையைச் சீராக வெட்டாமல் அதன் பட்டையைக் கிழித்தால் அதற்குள் தண்ணீர் இறங்கி அழுகிப் போகும் என்று மூன்று நாள் ஏச்சு கேட்டேன். இந்த முறை ஹட்டன் பக்கத்தில் லொறி ஸ்பிரிங் பட்டையில் கத்தி அடித்துத் தரும் ஒரு பட்டறைக்குப் போனேன். 2500 ரூபாய்.

ஆசாரி பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். பழுத்த பட்டையில் அது ஒட்டாமல் போனதும் இன்னும் கொஞ்சம் ஊதிவிட்டு, அப்படியே எண்ணெயில் இறக்கினார். "இதத் தண்ணியில விட்டா வெடிச்சிரும் தம்பி, எண்ணெய்க்கே இறுகும்."

மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் மெட்டீரியல்ஸ் எஞ்சினியரிங் படித்தவன் நான், சும்மா இருக்க முடியுமா? எண்ணெயே ஏன் போதும் என்று சொல்கிறேன். சூட்டில் ஒரு விதமாக அடுக்கியிருக்கும் இரும்பு அணுக்கள் ஆறும்போது வேறு அடுக்குக்கு மாறும், இரண்டுக்கும் நடுவே ஒரு எல்லை நகர்ந்துகொண்டே போகும். உருக்கில் இருக்கும் கரியணு (கார்பன்) சின்னது, இடுக்கில் ஓடிவிடும். ஸ்பிரிங் உருக்கில் ஒரு சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவாக இருக்கும் குரோமியம் அப்படி ஓடாது, எல்லையில் ஒட்டிக்கொண்டு பின்னுக்கு இழுக்கும். வேலைக்குக் கிளம்பும் அப்பாவின் சாரத்தைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வதுபோலத்தான்: மெல்ல நடந்தால் கூடவே வருவார்கள், ஓடினால் கை விட்டுப்போகும், நடுத்தர வேகத்தில்தான் இழுப்பு அதிகம். கலந்திருக்கும் வேற்று அணுக்களின் இந்த இழுப்புக்கு ஜான் கான் என்ற பொருளறிவியல் அறிஞர் 1962இல் கணக்கே போட்டு வைத்திருக்கிறார். இது மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன், மாங்கனீசுக்கும் பங்குண்டு. எப்படியோ பியர்லைட் என்ற மென்மையான அமைப்பு உருவாகத் தாமதமாகிறது, அதற்குள் எண்ணெயின் நிதானமான குளிர்ச்சியே கத்தியை மார்ட்டென்சைட் என்ற கடினமான அமைப்பாக ஆக்கிவிடுகிறது. வெறும் கரி உருக்காக இருந்தால் தண்ணீர் வேண்டும், விரிசலுக்கும் பயப்பட வேண்டும்.

அப்புறம் வைக்கோல் நிறம் வரும்வரை திரும்ப வாட்டித்தான் கொடுத்தார். ஒரு மாதமாக வெட்டுகிறார் அப்பா, வாய் மடியவில்லை, சாணைக்கல்லில் நாலு இழுப்பு இழுத்தால் போதும்.

சரி, குறை? சொன்ன தேதிக்கு மூன்று வாரம் கழித்துத்தான் கிடைத்தது, போன் எடுக்கவே மாட்டார். பிடி இரண்டாம் வாரமே ஆடத் தொடங்கிவிட்டது. அப்பா அதற்குச் சைக்கிள் டியூப் சுற்றி வைத்திருக்கிறார்.