உள்ளே இருப்பவருக்கு எது போய்ச் சேரும்: கடிதமா, மனுவா, போனா, மணியார்டரா?

என் தம்பி ஒரு மத்திய சிறையில் ஏழு மாதம் விசாரணைக் கைதியாக இருந்தான், தீர்ப்பு வந்த பிறகு இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்டனைக் கைதியாக இருந்தான். அவனுக்கு எதையாவது கொண்டுபோய்ச் சேர்க்க நாங்கள் முயலாத வழி இல்லை. முதல் தடவை போனபோது அம்மா ஒரு கட்டைப்பை நிறைய முறுக்கு, எலுமிச்சை ஊறுகாய், போர்வை, தேங்காய் எண்ணெய், புது ரப்பர் செருப்பு எல்லாம் எடுத்து வந்தார். வாசலில் சோதனை முடிந்தபோது பை ஏறக்குறைய அப்படியே திரும்பி வந்தது. மூன்று பஸ் மாறிப் போன நாள் அது.

ஒப்பிடும் முன்னால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். உங்கள் ஆள் விசாரணைக் கைதியா, தண்டனைக் கைதியா? இன்னமும் நடைமுறையில் இருக்கும் 1894-ஆம் வருடத்துச் சிறைச் சட்டத்தின் 31-வது பிரிவு, தண்டனை பெறாதவர் வெளியிலிருந்து உணவு, உடை, படுக்கை மாதிரித் தேவைகளைச் சோதனைக்கு உட்பட்டுப் பெறலாம் என்கிறது. அதனால்தான் விசாரணைக் காலத்தில் சொந்தச் சட்டை, கைலி கொடுக்க முடிகிறது. தண்டனை ஆனதும் சிறை உடைதான், நீங்கள் கொண்டுபோகும் துணிக்கு அங்கே வேலையில்லை. புழலில் இந்த இரண்டு பேருக்கும் தனித்தனிச் சிறையே இருக்கிறது, புழல்-1 தண்டனைக் கைதிகளுக்கு, புழல்-2 விசாரணைக் கைதிகளுக்கு. எந்த வாசல் என்று தெரியாமல் வெயிலில் அலைந்தவர்கள் நிறையப் பேர்.

சரி, மனு. நேரில் பார்ப்பதைச் சிறை அலுவலகம் நேர்காணல் என்று சொல்லும், வாசலில் நிற்கிற எல்லோருக்கும் அது 'மனு போடுவது'தான். முகத்தைப் பார்ப்பதற்கு ஈடு எதுவும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விலையையும் பார்க்க வேண்டும். நானும் அம்மாவும் போய் வந்தால் பஸ், சாப்பாடு, எனக்குப் போகும் ஒருநாள் சம்பளம் எல்லாம் சேர்த்து ஆயிரத்து ஐந்நூறைத் தொட்டுவிடும். நாங்கள் போன இடத்தில் இரண்டு பக்கமும் கம்பிவலை, நடுவில் இடைவெளி, இந்தப் பக்கம் இருபது பேரும் அந்தப் பக்கம் இருபது பேரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அவன் 'சாப்பிட்டியாம்மா' என்று கேட்டதற்கு அம்மா 'அடுத்த வாய்தா எட்டாம் தேதி' என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் ரிசீவர் வைத்துப் பேசும் வசதி உள்ள சிறைகளில் இந்தக் கூத்து கொஞ்சம் குறைவு.

போன் இதற்கு நேர் எதிர், காசு கம்மி, காது கேட்கும். தமிழ்நாட்டுச் சிறைகளில் 2023-ல் இதை நன்றாகவே கூட்டினார்கள்: மூன்று நாளுக்கு ஒரு முறை, மாதம் பத்து அழைப்பு, ஒவ்வொன்றும் பன்னிரண்டு நிமிடம், வீடியோ அழைப்பும் வந்தது. பன்னிரண்டு நிமிடம் கம்பிவலைக்குப் பின்னால் நின்று கத்துவதை விட எவ்வளவோ மேல். ஆனால் நீங்கள் கூப்பிட முடியாது, அவர்தான் கூப்பிட வேண்டும், அதுவும் பதிந்துவைத்த எண்ணுக்கு மட்டும். என் போனில் சார்ஜ் இல்லாமல் போன ஒரு நாளுக்காக அடுத்த மூன்று நாள் வீட்டில் வாங்கிய திட்டு தனிக்கதை. துபாயிலோ சிங்கப்பூரிலோ அண்ணன் தம்பி இருந்தால் தேசியச் சிறைத் தகவல் தளத்தில் இருக்கும் இ-முலாகாத் வழியாகக் காணொலி நேர்காணலுக்குப் பதிந்து பார்க்கலாம், சிறை நிர்வாகம் ஒப்புதல் தந்தால்தான் நடக்கும்.

இப்போது கடிதம். இதைத்தான் நாங்கள் கடைசியாக யோசித்தோம், முதலில் யோசித்திருக்க வேண்டியது இதுதான். இரண்டரை ரூபாய் இன்லாண்டு லெட்டர். ஐந்து ரூபாய் கவரை விட எனக்கு இதுதான் பிடித்தது. காரணம் ரொம்பச் சாதாரணம், இன்லாண்டுக்குள் எதையும் வைத்து அனுப்பக்கூடாது என்பது தபால் துறையின் விதி, பிரித்தால் ஒரே தாள். சோதிப்பவருக்குச் சந்தேகப்பட ஒன்றுமில்லை, சீக்கிரம் கைமாறுகிறது. கவரில் குழந்தை வரைந்த படம், போட்டோ எல்லாம் வைக்கலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒருவர் தலையசைக்க வேண்டும். ஐம்பது பைசா போஸ்ட் கார்டும் போகும், போகிற வழியெல்லாம் நாலு பேர் படிப்பார்கள் என்றால் பரவாயில்லை என்பவர்களுக்கு. இன்லாண்டையும் அதிகாரி படிக்கத்தான் செய்வார், அது வேறு விஷயம். அதனால் வழக்கைப் பற்றி, சாட்சியைப் பற்றி ஒரு வரிகூட எழுதாதீர்கள். அதெல்லாம் வக்கீல் நேரில் பார்த்துப் பேச வேண்டியது. மாடு கன்று போட்டது, எதிர்வீட்டுக்காரர் மாடி கட்டுகிறார், மழை இல்லை, இதையெல்லாம் எழுதுங்கள். போனில் இதைச் சொல்ல நேரம் இருக்காது, மனுவில் சொன்னால் காதில் விழாது. கடிதத்தை ராத்திரி திரும்ப எடுத்துப் படிக்கலாம், தம்பி படித்திருக்கிறான், மடிப்பு கிழிந்து வந்தவை அதற்குச் சாட்சி.

பதிவுத் தபாலில் அனுப்பினால் பத்திரமாகச் சேருமே என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் அது தனிச் சேவையாக இல்லை, ஸ்பீட் போஸ்டுடன் சேர்த்துவிட்டார்கள். ஐம்பது கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூருக்கு 47, வரி தனி. வாசல் வரை போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும், உள்ளே அவர் கைக்குப் போனதற்கு இல்லை. சாதாரண நலம் விசாரிப்புக்கு அந்தக் காசு தண்டம். எதில் அனுப்பினாலும் பெயர், தகப்பனார் பெயர், கைதி எண் மூன்றும் இருக்கட்டும். ஒரே பெயரில் பத்து முருகன் இருப்பார்கள்.

அடுத்தது பொருளா, பணமா. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, பணம்தான். கைதி பெயரில் சிறையில் இருக்கும் கணக்கில் சேர்ந்தால் அவரே கேன்டீனில் சோப்பு, பிஸ்கட் என்று வேண்டியதை வாங்கிக்கொள்வார். மணியார்டருக்கு இருபது ரூபாய்க்கு ஒரு ரூபாய் கமிஷன், ஆயிரம் அனுப்பினால் ஐம்பது போகும், ஒரு தடவைக்கு ஐயாயிரம் வரைதான். ஐம்பது ரூபாய் வலிக்கும், ஆனால் அதே ஆயிரத்துக்குச் சாமான் வாங்கிப் போய் பாதி திரும்பி வந்தால் அதைவிட வலிக்கும். மாதச் செலவுக்கு உச்சவரம்பு உண்டு, அள்ளிக் கொட்டிப் பயனில்லை. பொருள்தான் கொடுப்பேன் என்றால் முந்தைய நாளே விசாரித்து, வாசல் பலகையில் எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். செருப்பு, பற்பசை எல்லாம் ஏன் அவ்வளவு சந்தேகமாகப் பார்க்கிறார்கள் என்று முதலில் கோபம் வந்தது, செருப்புக்குள் சிம் கார்டு வைத்துக் கொண்டுவந்தவர்கள் புண்ணியத்தில் வந்தது அந்தச் சந்தேகம். மருந்து மட்டும் வேறு, டாக்டர் சீட்டோடு போய்ச் சிறை மருத்துவர் பார்வைக்கு வைக்க வேண்டும், பழப்பையில் ஒளித்துக் கொடுப்பது ஆபத்து.

புத்தகம் பற்றிக் கேட்பவர்களுக்கு: 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை 'கூண்டுக்குள் வானம்' என்று அரங்கு போட்டுப் புத்தகம் சேகரித்தது. அது சிறை நூலகத்துக்குப் போகும், உங்கள் ஆளுக்கென்று தனியாகப் போகாது. கொடுங்கள், நல்ல காரியம்தான், கடிதத்துக்கு மாற்று இல்லை.

வாய்தா நாளில் கோர்ட் வளாகத்தில் கைதியைக் கூட்டிவரும் வழிக்காவல் போலீஸ்காரர் கண்ணசைத்தால் ஒரு பொட்டலம் சோறு கொடுத்துவிடலாம் என்று எங்களுக்கும் யோசனை சொன்னார்கள். செய்ததில்லை. மாஜிஸ்திரேட்டிடமே வீட்டுச் சாப்பாட்டுக்கு விண்ணப்பம் கொடுக்க வழி இருக்கும்போது இது எதற்கு? இன்னொன்று, மனு வரிசையில் நிற்கும்போது 'அண்ணே, இதையும் சேர்த்துக் கொடுத்துருங்க' என்று யாராவது ஒரு பொட்டலத்தை நீட்டினால் வாங்கவே வாங்காதீர்கள். தடைசெய்த பொருளை உள்ளே கொண்டுபோனால் அதே 1894 சட்டத்தின் 42-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இருநூறு ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருநூறு ரூபாயைப் பார்த்துச் சிரிக்கலாம், ஆறு மாதத்தைப் பார்த்துச் சிரிக்க முடியாது. பொட்டலத்தில் கஞ்சா இருந்தால் கதையே வேறு.

கடைசி ஒரு வருடம் எங்கள் வீட்டில் ஓடிய கணக்கு இது: வாரம் ஒரு இன்லாண்டு, மாதம் ஆயிரம் ரூபாய் மணியார்டர், அவன் கூப்பிடும்போது போன், இரண்டு மாதத்துக்கு ஒரு மனு. இதில் அம்மாவுக்கு உடன்பாடு இல்லை. என்னிடம் சொல்லாமலே இடையில் ஒரு தடவை தனியாகப் போய் வந்திருக்கிறார், பலகையில் இருந்தபடி நாலு ஆப்பிள் மட்டும் வாங்கிக்கொண்டு.