கிணற்றுத் தண்ணீர் மீன்தொட்டிக்கு முதற்செடி: வலிஸ்னேரியாவா, அனுபியாஸா, ஜாவா பேர்னா?

கேத்திலின் அடியில் வெள்ளைப் படை பிடிக்கிற வீடு என்றால், செடி வாங்கக் கடைக்குப் போகமுன்னமே பாதித் தெரிவு முடிந்துவிட்டது. யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணறுகளில் ஊறுவது சுண்ணாம்புக்கல்லில் கிடந்த தண்ணீர். கடினத்தன்மை கூட, காரமும் கூட. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் உரத்தால் வந்த நைத்திரேற்றும் சேர்ந்திருக்கும். கோடையில் தொட்டித் தண்ணீர் 30 பாகையைத் தொடும். ‘யாருக்கும் வளரும்’ என்று எங்கும் சொல்லப்படும் செடிகள் எல்லாம் இந்தத் தண்ணீரையும் சூட்டையும் ஒரேமாதிரித் தாங்குவதில்லை.

இங்கே கணக்கில் எடுப்பது இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமான தொட்டி. நிரப்பினால் ஏறத்தாழ 50 லீற்றர். காபனீரொட்சைட்டுச் சிலிண்டர் இல்லை. சாதாரண எல்ஈடி லைற், ரைமரில் நாளுக்கு 7 மணித்தியாலம். மீன் என்றால் கப்பி, மொலி.

முதலிடம் தயக்கமில்லாமல் வலிஸ்னேரியாவுக்கு. கரைந்த காபனீரொட்சைட்டு குறைந்துபோன காரத் தண்ணீரிலும், அதிலுள்ள இருகாபனேற்றிலிருந்து தனக்கு வேண்டிய காபனை எடுக்கத் தெரிந்த செடி இது. மற்றச் செடிகளுக்கு இடைஞ்சலாக நிற்கிற அதே தண்ணீர் இதற்குச் சாப்பாடு. கழுவிய ஆற்று மணல் இரண்டரை அங்குலம் போதும். கடற்கரை மணலில் சிப்பித்தூள் இருக்கும். ஒரு பிடியில் வினாகிரி விட்டுப் பாருங்கள், நுரைத்தால் வேண்டாம். முருகைக்கல்லும் அப்படித்தான், அழகாக இருந்தாலும் ஏற்கெனவே கடினமான தண்ணீரை இன்னும் கடினமாக்கும்.

நடும்போது வேரை இரண்டு சென்ரிமீற்றர் விட்டு நறுக்கி, இரண்டு அங்குல இடைவெளியில், பின்கண்ணாடியோரம் 10 முதல் 12 கன்றுகள். வேரும் இலையும் சேருகிற வெளிறிய கழுத்து மணலுக்கு மேலே தெரியவேண்டும். அது புதைந்தால் அழுகும். பலர் தோற்பது இந்த ஒரு இடத்தில்தான். முதல் இரண்டு, மூன்று கிழமை பழைய இலைகள் கண்ணாடிபோலாகிக் கரையும். பிடுங்கிப் பார்க்காதீர்கள். நடுவிலிருந்து மெல்லிய பச்சை நாடா ஒன்று வந்துவிட்டால் செடி பிடித்துவிட்டது. பிறகு மணலோடு ஓடும் தண்டில் கன்று போட்டுக்கொண்டே போகும். நீண்ட இலையை நடுவில் வெட்டினால் வெட்டுவாய் பழுப்பாகும். வெளி இலையை அடியோடு கழற்றுவதே மேல். புதிய இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புக் குறைபாடு. காரத் தண்ணீரில் இரும்பு செடிக்கு எட்டாது. வேரருகே ஓர் உரவில்லை புதைத்தால் தீரும். பாசியைக் கொல்ல என்று விற்கிற ‘திரவக் காபன்’ போத்தலை இந்தத் தொட்டியில் திறக்கவே வேண்டாம், அது வலிஸ்னேரியாவைக் கரைத்துவிடும்.

அனுபியாஸும் ஜாவா பேர்னும் ஒரே வேலைக்குப் போட்டிபோடுபவை. இரண்டையும் மணலில் நடுவதில்லை, கல்லிலோ மரக்கட்டையிலோ கட்டுவது. இரண்டின் கிடைத்தண்டையும் புதைத்தால் அழுகும். இரண்டுக்கும் வெளிச்சம் குறைவாகவே போதும். வித்தியாசம் சூட்டில் தெரியும். ஜாவா பேர்னுக்கு 28 பாகைக்குள் நிம்மதி. அதற்கு மேலே கிழமைக்கணக்கில் நின்றால் இலை கறுத்து வளர்ச்சி நின்றுவிடும். அனுபியாஸ் 30ஐயும் பொறுத்துக்கொள்ளும். விலை கூட, மாதத்துக்கு ஓரிலை விட்டாலே பெரிய காரியம், ஆனால் சாகாது. குறை ஒன்றுண்டு: மெதுவாக வளரும் தடித்த இலையில் பச்சைப்புள்ளிப் பாசி குந்திவிடும். அதனால் லைற்றுக்கு நேர்கீழே வைக்காமல் வலிஸ்னேரியாவின் நிழலில் வையுங்கள். தண்டை ஒற்றித் துடைத்து, ஜெல் வகைச் சூப்பர் குளூ ஒரு சொட்டு வைத்துக் கல்லில் 15 செக்கன் அழுத்தினால் போதும்; நூல் கட்டினால் இறுக்கக் கூடாது.

குளிரான, நிழல் விழுகிற அறை உள்ளவர்கள் ஜாவா பேர்னைத் தாராளமாக எடுக்கலாம். இலையின் அடியில் வரிசையாகப் பழுப்புப் பொட்டுகள் வந்தால் நோயென்று வெட்டிவிடாதீர்கள், அவை வித்திகள். இலை நுனியில் முளைக்கிற குட்டிச் செடிகளைக் கிள்ளி வேறு கல்லில் கட்டலாம். ஜாவா மொஸ்ஸுக்கும் இதே சூட்டுப் பிரச்சினைதான்.

கிரிப்டோகோரைன் வென்டி வேறு ரகம். இலங்கைக்கே உரிய செடி, நம் தண்ணீரின் கடினத்தையும் தாங்கும், முன்பக்கத்துக்கு ஏற்ற உயரம். ஆனால் கோபக்காரச் செடி. இடம் மாற்றினால், ஏன், தண்ணீரைப் பெருமளவில் மாற்றினால்கூட, ஓரிரு நாளில் எல்லா இலையும் கூழாகும். வேர் உயிரோடுதான் இருக்கும்; அழுகிய இலையை உறிஞ்சி எடுத்துவிட்டு ஒரு மாதம் பொறுத்தால் திரும்ப வரும். பொறுமையில்லாதவர் முதல் தொட்டியில் வைக்கவேண்டாம்.

ஹோர்ன்வோர்ட்டுக்கு வேரே இல்லை, ஒரு பிடி மிதக்க விட்டால் சரி. நைத்திரேற்றைக் குடித்துப் பாசியை அடக்கும், கப்பிக் குஞ்சுக்கு ஒளிக்க இடமும் ஆகும். ஊசியிலை கொட்டிப் பில்ரரை அடைப்பது அதன் தண்டனை. முதல் ஆறு கிழமைக்கு விட்டு, வலிஸ்னேரியா பரவியதும் எடுத்துவிடலாம்.

கடையில் கவனிக்கவேண்டியது: லக்கி பம்பூ போன்ற தரைச்செடிகளையும் தண்ணீருக்குள் வைத்து விற்கிறார்கள், சில மாதத்தில் அழுகும். வாங்கிய எதையும் ஒரு கிழமை தனி வாளியில் வைத்து, இலையடியில் ஒட்டியிருக்கும் நத்தை முட்டைச் சளியைப் பெருவிரலால் வழித்தெடுங்கள்.

கோடையில் சின்ன விசிறி ஒன்றைத் தண்ணீர்ப் பரப்பின்மேல் ஓட விட்டால் இரண்டு, மூன்று பாகை இறங்கும். தண்ணீர் ஆவியாவதால்தான் அது இறங்குகிறது. ஆவியாகும்போது சுண்ணாம்பு தொட்டியிலேயே தங்கும். குறைந்த அளவைத் திரும்பக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பினால் மாதாமாதம் கடினம் ஏறும். மாரியில் பிடித்து மூடிவைத்த மழைநீரோ ஆர்ஓ தண்ணீரோ அந்த நிரப்பலுக்கு மட்டும் போதும். கிழமைக்கொருமுறை மாற்றுகிற 10 லீற்றருக்குக் கிணற்றுத் தண்ணீரே சரி.