டிஸ்க் 100%, வேகம் 0.8 எம்பி: பழைய லேப்டாப்புக்கு எஸ்எஸ்டியா, ஹார்டு டிஸ்க்கா?

என் லேப்டாப் 2016-இல் வாங்கியது. ஐ5, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க். ஐந்து வருடம் போனதும், ஆன் செய்துவிட்டு டீ போடப் போய்விடலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டது. டீயைக் குடித்து முடித்த பிறகும் குரோம் திறந்துகொண்டே இருக்கும். "புதுசு வாங்கிடுங்க சார், இது பழைய மாடல்" என்றார் சர்வீஸ் கடைக்காரர். எனக்கு மனசு வரவில்லை. டிஸ்க்கை மட்டும் மாற்றிப் பார்க்கலாம் என்று சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். கடைக்காரர் இரண்டை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று 500 ஜிபி எஸ்எஸ்டி, அதாவது சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க். இன்னொன்று நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் 1 டிபி ஹார்டு டிஸ்க். இதில் இரண்டு மடங்கு இடம், காசும் கொஞ்சம் மிச்சம்.

எஸ்எஸ்டியில் சத்தம் இல்லை, பையில் குலுங்கினாலும் பயமில்லை. ஹார்டு டிஸ்க்கில் ஒரு டிபிக்கு ஆகும் செலவு குறைவு. இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். என்னை முடிவெடுக்க வைத்தது வேறு ஒன்று.

லேப்டாப் திணறும்போதெல்லாம், எது எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்ப்பேன். டிஸ்க் 100% என்று சிவந்திருக்கும். ஆனால் பக்கத்தில் வேகம் என்று பார்த்தால் வினாடிக்கு 0.8 எம்பி! நூறு எம்பி வேகத்தில் படிக்கக்கூடிய டிஸ்க், முழுமூச்சாக உழைத்து ஒரு எம்பி கூடத் தேற்றவில்லை. இது எப்படி என்று ரொம்ப நாள் புரியவில்லை.

கணக்குப் போட்டால் புரிந்துவிடும். என் பழைய டிஸ்க் 5400 சுற்று வகை. உள்ளே தகவல் பதிந்திருக்கும் தட்டு ஒரு முறை சுற்ற 11 மில்லி வினாடி. வேண்டிய இடம், படிக்கும் முனையான ஹெட்டுக்குக் கீழே வந்துசேர, சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். அதற்கு முன்னால் ஹெட் சரியான தடத்துக்கு நகர ஒரு 12 மில்லி வினாடி. ஆக, ஒரு துண்டைத் தேடி எடுக்க 17, 18 மில்லி வினாடி. அப்படியானால் வினாடிக்கு 60 துண்டுகூட வராது. விண்டோஸ் கிளம்பும்போது கேட்பதெல்லாம் அங்கங்கே சிதறிக் கிடக்கும் 4 கேபி, 16 கேபி துண்டுகள், அதுவும் ஆயிரக்கணக்கில். மளிகைக் கடைக்காரர் ஒவ்வொரு கிராம்புக்கும் பின்கட்டு குடோனுக்குப் போய்வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். மனிதர் நாளெல்லாம் ஓடிக்கொண்டேதான் இருப்பார், கல்லாவில் ஒன்றும் சேராது.

7200 சுற்று வாங்கினால்? அரைச் சுற்று 5.5 மில்லி வினாடியிலிருந்து 4.2 ஆகக் குறையும். ஹெட் நகரும் நேரம் பெரிதாக மாறாது. 60-க்குள் இருந்தது 60-ஐக் கொஞ்சம் தாண்டலாம், அவ்வளவுதான். எஸ்எஸ்டியில் சுற்றவும் நகரவும் எதுவும் இல்லை. ஒரு துண்டுக்கு ஏறக்குறைய 0.1 மில்லி வினாடி போதும். வினாடிக்குப் பத்தாயிரம் என்ற கணக்கு. கடையில் நின்றபடியே எஸ்எஸ்டி என்று சொல்லிவிட்டேன்.

பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எம்பி கணக்கைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்பதும் இதிலிருந்து கிடைக்கும் பாடம். பழைய இணைப்பு வகையான சாட்டா எஸ்எஸ்டி 550 எம்பி, புதிய வகையான என்விஎம்இ 3500 எம்பி என்று போட்டிருப்பார்கள். அது பெரிய ஃபைலை ஒரே மூச்சில் படிக்கும் வேகம். சிறு துண்டு விஷயத்தில் இரண்டுக்கும் அவ்வளவு தூரம் இல்லை. என் லேப்டாப்பில் சாட்டா மட்டும்தான் பொருந்தும். அதைப் போட்ட அன்றைக்கே மூன்று நிமிடம் பிடித்த கிளம்பல் இருபது வினாடிக்கு வந்தது. வேறு எதையும் மாற்றவில்லை, ரேம்கூட அதே 8 ஜிபி.

'எழுதி எழுதித் தேய்ந்துவிடுமே' என்று கேட்பவர்கள் உண்டு. தேயும். நான் வாங்கிய சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு ஐந்து வருடம் அல்லது 300 டிபி எழுதும் வரை, எது முந்துகிறதோ அதுவரை உத்தரவாதம். நான்கு வருடத்தில் நான் எழுதியிருப்பது 19 டிபி. இந்தக் கணக்கில் அது என்னைவிட அதிக நாள் இருக்கும். ஆனால் எழுதி எழுதித் தேய்வதற்கு முன்பே, உள்ளே எல்லாவற்றையும் நடத்தும் சிப்பான கன்ட்ரோலர் போய்விடலாம், நான்கு வருட அனுபவத்தை வைத்து அதற்கு நான் சான்று தர முடியாது. ஒரே செல்லில் நான்கு பிட்டைத் திணிக்கும், விலை மலிந்த கியூஎல்சி வகை எஸ்எஸ்டியையும் நான் வாங்கிப் பயன்படுத்தியதில்லை. பெரிய ஃபைல்களை நிறைய எழுதுகிறவர்கள் அதை யோசித்து வாங்குவது நல்லது; எழுதுவதை முதலில் வேகமாக வாங்கி வைக்கும் இடமான கேஷ் நிரம்பியதும் வேகம் இறங்கிவிடும்.

சாகும் விதத்தில் மட்டும் ஹார்டு டிஸ்க் நல்லது. பெரும்பாலும் முன்கூட்டியே முனகும், டிக் டிக் என்று சத்தம் போடும், கெட்டுப்போன செக்டர் (தட்டில் இருக்கும் சிறு பகுதி) எண்ணிக்கை ஏறும். என் நண்பர் ஒருவரின் எஸ்எஸ்டி சாயங்காலம் வரை நன்றாக இருந்தது, மறுநாள் காலையில், லேப்டாப் ஆன் ஆனதும் முதலில் ஓடும் பயாஸிலேயே காணோம். தவறுதலாக அழித்த படத்தை எஸ்எஸ்டியிலிருந்து மீட்பதும் பெரும்பாலும் நடக்காது. ஃபைலை அழித்ததும் விண்டோஸ் அனுப்பும் ட்ரிம் என்ற கட்டளை அந்த இடத்தை அப்போதே துடைக்கச் சொல்லிவிடும். அப்புறம், தேய்ந்துபோன எஸ்எஸ்டியை மின்சாரம் தராமல் வருடக்கணக்கில் பீரோவில் வைத்தால் உள்ளே இருப்பது கசிந்துவிடும். சேமித்து வைப்பதற்கு அது ஆகாது.

அதனால் கழற்றிய 1 டிபியை எறியவில்லை. ஒரு யுஎஸ்பி கேஸ் வாங்கி அதற்குள் போட்டுவிட்டேன். மாதம் ஒரு முறை லேப்டாப்பில் மாட்டி, படங்களையும் கணக்கு ஃபைல்களையும் நகல் எடுக்கிறேன். அப்போது டிஸ்க்கின் நலத்தைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் கெட்டுப்போன செக்டர் எண்ணிக்கையையும் பார்த்துவிடுவேன். கழற்றிய நாளில் 8, இன்றைக்கும் 8. அது ஏற ஆரம்பித்தால் புதிதாக ஒரு 2 டிபி வாங்க வேண்டும். அதுவும் ஹார்டு டிஸ்க்தான்.