பளபளப்புத் தாளில் கருப்பு வெள்ளை: கிளாஸ் ஆப்டிமைசரோடு சில வருடங்கள்

பிரின்டின் பளபளப்பைச் சமன்செய்யும் நிறமில்லாத திரவம்தான் கிளாஸ் (gloss) ஆப்டிமைசர். அதைப் பலரும் கடைசியில் பூசும் வார்னிஷ் மாதிரி நினைக்கிறார்கள். பிக்மென்ட், அதாவது நுண்ணிய நிறத்துகள் கொண்ட இங்க் போடும் பிரின்டரில் சில வருடங்கள் கருப்பு வெள்ளை மட்டுமே போட்டுப் பார்த்ததில் நான் சொல்வது, அதுவும் ஒரு இங்க்தான், டோனைச் சரிசெய்ய உட்காருவதற்கு முன்பே அதன் அளவை முடிவு செய்துவிடுங்கள்.

பிக்மென்ட் துகள்கள் தாளுக்குள் இறங்குவதில்லை, மேலேயே உட்காருகின்றன. அதனால் இங்க் நிறைய விழுந்த இடம் ஒரு மாதிரி மின்னும், இங்க் விழாத வெள்ளை வேறு மாதிரி மின்னும். கலர் படத்தில் இது ஓரளவு மறைந்துவிடும். கருப்பு வெள்ளையில் தாளைக் கொஞ்சம் சாய்த்தாலே நிழல் பகுதி செம்பு நிறமாகத் தெரியும், அதுதான் பிரான்சிங், அதைக் கண்டபின் படத்தைப் பார்க்கவே மனம் வராது. எப்சன் ஆர்800, ஆர்1800 பிரின்டர்களின் காலத்திலேயே இதற்குத் தனி கார்ட்ரிட்ஜ் இருந்தது. கேனான் ப்ரோ-1000 வரிசையில் அதே வேலைக்கு க்ரோமா ஆப்டிமைசர்.

தானியங்கி அமைப்பில் விட்டாலும் மோசமில்லை. ஆனால் க்வாட்டோன் ரிப் மாதிரி இங்க் அளவைக் கையில் தரும் மென்பொருள் வந்ததும் கதை மாறிவிட்டது. வெள்ளைக்கும் ஹைலைட்டுக்கும் அதிகம், இடைநிலை சாம்பலில் படிப்படியாகக் குறைத்து, ஆழ்ந்த கருப்பில் கொஞ்சமே. அளவு மீறினால் உடனே தெரியும்: திட்டுத்திட்டாகத் தேங்கும், கருப்பின் மேல் மெல்லிய மங்கல் படியும், காயாத பரப்பில் ரோலர் சக்கரத் தடம் விழும்.

எல்லாவற்றையும் கருவியிடம் விட்டுவிட முடியாது என்பது இங்கேதான். நாம் வைத்திருக்கும் ஸ்பெக்ட்ரோ கருவிகளில் (தாளிலிருந்து திரும்பும் ஒளியை வைத்து நிறத்தை அளப்பவை) பெரும்பாலானவை 45 டிகிரியில் ஒளியை விட்டு நேர் மேலிருந்து அளப்பவை, கண்ணாடி போல நேராகத் திரும்பும் ஒளியை வேண்டுமென்றே தவிர்ப்பவை. அதனால் பிரான்சிங் எண்ணாக வரவே வராது, ஜன்னல் பக்கம் போய்த் தாளைச் சாய்த்துப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அது முடிந்தபின் ஒரு இரவு காயவிட்டு, 21 படி ஸ்டெப் வெட்ஜை (வெள்ளையிலிருந்து கருப்பு வரையான சாம்பல் கட்டங்களை) அளந்து, படிகள் சீராக இறங்கும்படி லீனியரைஸ் செய்வேன். வரிசை மாறக்கூடாது, ஏனென்றால் ஆப்டிமைசர் கோட்டிங் பரப்பை மென்மையாக்கி ஒளிச் சிதறலைக் குறைப்பதால் கருப்பின் அளவே மாறுகிறது. நல்ல பேரைட்டா தாளில் (பேரியம் சல்ஃபேட் பூச்சுள்ள பளபளப்புத் தாள்) கருப்பின் எல்-ஸ்டார், அதாவது 0 முழுக் கருப்பு, 100 வெள்ளை என்ற வெளிச்ச அளவு, 4 வந்தால் அடர்த்தி 2.35 பக்கம், மேட் தாளில் 16 வாக்கில், அதாவது 1.7க்குக் கொஞ்சம் கீழே நிற்கும். இந்த வித்தியாசத்துக்காகத்தான் இவ்வளவு பாடும்.

படத்தை முதலில் போட்டு, காய்ந்தபின் கோட்டிங்கை மட்டும் இரண்டாவது ஓட்டமாகக் கொடுத்தால் பரப்பு இன்னும் சீராக வருகிறது. தூசி ஒட்டும், தாளை இரண்டு முறை ஊட்ட வேண்டும், சரி, சின்ன பிரின்டுக்கு ஒரே ஓட்டம் போதும்.

அப்புறம் நாசில் செக், அதாவது இங்க் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று கோடுகள் அச்சிட்டுப் பார்ப்பது. நிறமில்லாத இங்க் அடைத்துக்கொண்டால் சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. விளக்குக்கு எதிரே சாய்த்து, கோடுகள் முழுசாக மின்னுகின்றனவா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிடுவது என் வழக்கம். கண்ணாடிச் சட்டத்துக்குள் போகும் படத்தில் பளபளப்பு வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது, அதற்குக் கோட்டிங்கைக் குறைத்தே போடுகிறேன். கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கும் ஆல்பத்துக்கு ஒருபோதும் குறைப்பதில்லை.