கோவையா, தஞ்சாவூரா? சிறுதானியத் தொழில் தொடங்குபவர்களுக்கு

கம்பு, சாமையில் பண்டம் செய்து விற்க நினைப்பவர்கள் இப்படித்தான் கேட்கிறார்கள்: கோவையிலுள்ள, மாநில அரசின் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமா, ஒன்றிய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம் தஞ்சாவூரா?

பின்புலம்: கோவை 1971 முதல் பல்கலைக்கழகம், விதை ரகத்திலிருந்தே ஆய்வு. தஞ்சாவூர் நிறுவனம் 1967இல் நெல் பதப்படுத்தும் ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது. அறுவடைக்குப் பிந்தைய வேலைதான் அதன் பலம்.

அணுகுவது: கோவைக்குப் பல மாவட்டங்களில் வேளாண் அறிவியல் நிலையங்கள் உண்டு, மதுரையில் சமுதாய அறிவியல் (முன்பு மனையியல்) கல்லூரியும் உண்டு. தஞ்சாவூருக்கு நேரில் போகவேண்டும்.

செலவு: எனக்கு இதுதான் முக்கியம். இயந்திரத்துக்குக் கடன் வாங்கிவிட்டு, பண்டம் விற்காமல் தவிப்பவர்களைப் பார்த்தால் மனசு கனக்கிறது. தஞ்சாவூரின் தொழில் காப்பகத்தில் (புதிதாகத் தொழில் தொடங்குபவர்களுக்கு உதவும் மையம்) கட்டணம் கட்டி, அங்குள்ள இயந்திரங்களிலேயே சிறிய அளவில் செய்து பார்க்கலாம். சந்தையில் விற்றுப் பார்த்து, அப்புறம் கடனைப் பற்றி யோசிக்கலாம். தரப் பரிசோதனைக் கூடமும் அங்கேயே இருக்கிறது.

விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, விதையிலிருந்து தொடங்குவதென்றால் கோவை. தானியத்தை வாங்கி, பாக்கெட் உணவாக விற்பதென்றால் முதலில் தஞ்சாவூர்.