மஞ்சக்குப்பம் பாரம்பரிய அரிசிக் கடை: சோற்றுக்கு ஒன்று, விதைக்கு ஒன்று

கடலூர் மஞ்சக்குப்பத்தில் நாட்டு நெல் வகைகளை மட்டுமே விற்கும் சிறிய கடை ஒன்றில் சில மாதங்களாக அரிசி வாங்கி வருகிறேன். முன்புற அலமாரிகளில் கருப்புக் கவுனி, மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், காட்டுயானம் ஆகியவை ஒரு கிலோ பைகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பின்கட்டில் அவற்றின் விதைநெல் சணல் மூட்டைகளில் இருக்கிறது. இக்கடையை நான் பெரிதாக மதிப்பது அந்தப் பின்கட்டுக்காகவே.

முதலில் அரிசி. காட்டுயானம் பருவெட்டான சிவப்பரிசி. இரவே ஊறவைத்தால்தான் மறுநாள் நன்கு மலர்ந்து வேகிறது. சோறாக உண்பதைவிடக் கஞ்சியாகக் காய்ச்சி, மீந்ததை நீரூற்றி வைத்து, காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் குடிப்பதே அதற்குப் பொருத்தம். கல் இல்லை. தவிடு நீக்காத அரிசியாதலால் சீக்கிரம் வண்டு விழும். கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவது நல்லது. பூங்கார் இட்லிக்கு நன்றாக வருகிறது.

விதைநெல்லைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இம்மாவட்டத்தின் சம்பாப் பயிர் வளரும் பருவத்திலேயே வடகிழக்குப் பருவமழையில் சிக்குகிறது. 2011-இல் தானே புயல், 2015-இல் பெருவெள்ளம், 2024-இல் ஃபெஞ்சல் புயலும் அதைத் தொடர்ந்து தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் என்று இங்குள்ள உழவர்கள் பட்டது கொஞ்சமல்ல. கடலும் காற்றும் சூடேறச் சூடேற ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் மழை கூடுகிறது. குட்டை ரகங்கள் நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்தால் அழுகிப்போகின்றன. ஆளுயரத்துக்கு மேல் வளரும் காட்டுயானமோ தேங்கிய நீருக்கு மேலே தலைநீட்டி நிற்கிறது. நான் அரிசி வாங்கிக்கொண்டிருந்தபோது குறிஞ்சிப்பாடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், "தண்ணி நின்னா தாங்குமா தம்பி?" என்று கேட்டார். "தாங்கும் ஐயா. ஆனா யூரியா போட்டுடாதீங்க, சாஞ்சிடும்" என்றார் கடைக்காரர். சரியான அறிவுரை, விற்றால் போதும் என்று நினைப்பவர் அதைச் சொல்லமாட்டார்.

ஒரு நாட்டு நெல் எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு ஒடிசாவிலிருந்து கிடைத்த எஃப்ஆர் 13ஏ என்ற நெல்லே சான்று. அதிலுள்ள சப்1ஏ மரபணுவை ஆய்வாளர்கள் 2006-இல் வெளிப்படுத்தினர். நீரில் மூழ்கியதும் உயர்ந்து வளர முயன்று சத்தைச் செலவழித்துவிடாமல் பயிர் அடங்கிக் கிடப்பதற்கும், இரண்டு வாரம் வரை மூழ்கியிருந்தாலும் நீர் வடிந்ததும் மீண்டும் துளிர்ப்பதற்கும் அதுவே காரணம். அது சேர்க்கப்பட்ட சுவர்ணா சப்1 நெல் ரகம் இந்தியாவில் 2009-இல் வெளியானது. 2010-இல் ஆண்டுதோறும் வெள்ளத்தோடு போராடும் வங்கதேசத்துக்கும் இந்த மரபணு கொண்ட ரகங்கள் கிடைத்தன. நமக்கும் அதே மரபணு கொண்ட சிஆர் 1009 சப்1 ரகம் வந்திருக்கிறது. ஏழை நாடுகளுக்குச் சொந்த வயலில் விளைவது எவ்வளவு முக்கியம் என்பது 2023 ஜூலையில் தெரிந்தது: பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதியை இந்தியா தடைசெய்தபோது உலகச் சந்தையில் விலை ஏறி, இறக்குமதியை நம்பியிருந்த மக்களின் தட்டில் கைவைத்தது.

இவ்வளவு மதிப்புள்ள சரக்கை வைத்துக்கொண்டு, பைகளின் மேல் "சர்க்கரை நோய்க்கு நல்லது" என்று மட்டும் அச்சிட்டிருப்பது எனக்கு மிகுந்த வருத்தம். எந்த ஊர் வயலில் விளைந்தது, எத்தனை நாள் பயிர், வெள்ளத்தையும் உப்பையும் தாங்குமா என்பதையும் போட வேண்டும். விதை மூட்டைகளில் முளைப்புத்திறன் குறிக்கப்படவில்லை. இது கட்டாயம் திருத்த வேண்டிய குறை. உப்பு ஏறிய நிலத்துக்கு ஏற்ற குடவாழை நெல் பல சமயம் கிடைப்பதில்லை. கடலோரத்திலுள்ள பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கத்துக்கு அதுதான் அதிகம் தேவை. கிலோ 120 ரூபாய் என்ற விலையும் ரேஷன் அரிசியை நம்பி வாழும் ஆற்றங்கரைக் குடும்பங்களுக்கு எட்டாது. ஆயினும் குறைந்த விளைச்சலுக்கு உழவர் கேட்கும் விலை அது. அதில் பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை.

விதைநெல் வேண்டுவோர் ஆனி மாதத்திலேயே சொல்லிவைப்பது நல்லது. காட்டுயானம் ஆறு மாதப் பயிர். ஆடியில் விதைத்தால்தான் தையில் அறுக்க முடியும்.